எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை

கும்பகோணம்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? போனை எடுத்துப் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். எழுதி முடித்ததும் அப்பா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தாளும் தபாலில் வரும்.

போன வாரம் நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொடர்ந்து நான்கு நாள் நைட் டூட்டி போடுகிறார்கள், குட்டியை வைத்துக்கொண்டு முடியவில்லை என்று உன் வார்டு மேலாளரிடம் போய்ச் சொன்னாய். அந்த அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, “ஐ ஹியர் யூ” என்றார். நீ நிம்மதியாக வீட்டுக்கு வந்தாய். அடுத்த மாதப் பட்டியலில் பார்த்தால் அதே நான்கு இரவு. “கேட்டேன்னுதானேம்மா சொன்னாங்க, அப்புறம் ஏன் செய்யல?” என்று என்னிடம் கேட்டிருக்கிறாய்.

முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவள் நான். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு உன் மேலாளர் மேல் கோபம் வரவில்லை. ஹியர் என்ற அந்தச் சொல்லை உனக்கு நான் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேனே என்றுதான் இருந்தது. வீட்டிலேயே டீச்சர் இருந்தும், பரீட்சைக்கு வேண்டிய கிராமரை மட்டும் உனக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

“ஐ ஹியர் யூ” என்றால் நீ சொல்வது என் காதில் விழுந்தது, உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்பது வரைக்கும்தான் அர்த்தம். செய்கிறேன் என்ற வாக்கு அதற்குள் இல்லை. ஒத்துக்கொள்கிறேன் என்பதுகூட இல்லை. பல சமயம், இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மரியாதையாகக் கதவைச் சாத்துகிற பேச்சும் அதுவேதான். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. நமக்குத்தான் அது வேறு மாதிரி விழுகிறது.

ஏன் அப்படி விழுகிறது தெரியுமா? நம் மொழியில் கேட்பது என்றால் பாதி கீழ்ப்படிவது. “பேச்சைக் கேட்கிற பிள்ளை” என்று யாரைச் சொல்வோம்? சொன்னபடி நடக்கிற பிள்ளையை. “எவ்வளவோ சொன்னேன், கேட்கலை” என்றால் அவன் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் ஒருவர் நம் எதிரே உட்கார்ந்து “கேட்டுக்கிட்டேன்” என்றால், காரியம் நடந்த மாதிரிதான் தமிழ்க் காதுக்கு.

இங்கிலீஷுக்கும் இது அந்நியமில்லை. கீழ்ப்படிதலுக்கு அவர்கள் வைத்திருக்கிற ஒபே என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குள் கேட்பது என்று பொருள்படுகிற ஆடிரே என்ற வினைச்சொல்தான் ஒளிந்திருக்கிறது. கேட்பதிலிருந்து கீழ்ப்படிதல் பிறந்தது அங்கேயும் நடந்திருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் ஒபே என்ற தனிச் சொல்லோடு போய்விட்டது. ஹியர் என்பது ஜெர்மானிய வழியில் வந்தது. ஜெர்மன்காரர்களின் ஹோரன் அதற்கு உறவு. அது காதோடு நின்றுவிட்டது. நீ அந்த அம்மா வாயிலிருந்து ஒபேயை எதிர்பார்த்தாய், அவர் ஹியரைத் தந்தார். அவ்வளவுதான் நடந்தது.

அதனால் சுருங்கிப்போகாதே. மறுபடி போ. “நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டதற்கு நன்றி, எந்தத் தேதியிலிருந்து என்ன மாற்றம் செய்ய முடியும்?” என்று நேராகக் கேள். அதையே ஒரு மின்னஞ்சலாகவும் எழுதி அனுப்பு. கடைசி வரியில் “ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்று போடு. அந்த ஹியரிங்குக்குப் பதில் வேண்டும் என்று அர்த்தம். ஃப்ரம் என்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்ததும், காதில் விழுவது போய்த் தகவல் வந்து சேர்வதாக மாறிவிடுகிறது. அந்த டுவுக்குப் பின்னால் ஹியர் என்று மொட்டையாக எழுதிவிடாதே. பெரிய படிப்புப் படித்தவர்களும் அங்கே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது ஆற அமரச் சொல்கிறேன். இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு உன்னிடம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பில் நான் சத்தமாகப் பேசாத நாளில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: “மிஸ், ஐ ஆம் நாட் ஹியரிங் மிஸ்.” வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுவார்கள், அந்த வாக்கியம் மட்டும் மாறாது. அப்படிச் சொல்லக் கூடாது, “ஐ காண்ட் ஹியர் யூ” என்று சொல்ல வேண்டும் என்பேன். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன்: புலன் சார்ந்த வினைகளுக்குத் தொடர்வினை வடிவம் வராது, மனப்பாடம் செய்யுங்கள்.

மனப்பாடமே தேவையில்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. தமிழே அதைச் சொல்லிவிடுகிறது. “எனக்குக் கேட்கிறது” என்று ஒன்று இருக்கிறது. “நான் கேட்கிறேன்” என்று ஒன்று இருக்கிறது. முதலாவதில் எழுவாய் நான் இல்லை. மழைச் சத்தம் எனக்குக் கேட்கிறது என்றால் சத்தம்தான் எழுவாய். அது பாட்டுக்கு வருகிறது, நான் சும்மா இருக்கிறேன், என் காதில் விழுகிறது. இரண்டாவதில் நானே எழுவாய். காதைக் கொடுத்து, மனதையும் கொடுத்து, ஒரு வேலையாகச் செய்கிறேன். முதலாவது ஹியர், இரண்டாவது லிசன். செய்யாத ஒன்றை எப்படிச் “செய்துகொண்டிருக்கிறேன்” என்று சொல்ல முடியும்? அதனால்தான் ஹியருக்கு அந்த இங் ஒட்டுவதில்லை. கேன் சேர்த்து “ஐ கேன் ஹியர் த ரெயின்” என்கிறார்கள். அதையே கேட்கும் திறன் என்று அகராதிபோல எடுத்துக்கொள்ளாதே, “எனக்கு மழை கேட்குது” என்பதுதான் அது.

உத்தரவு போடும்போதும் பார். “லிசன்!” என்று சொல்வார்கள். “ஹியர்!” என்று யாரும் அதட்டுவதில்லை. காதில் விழு என்று யாருக்கு உத்தரவு போட முடியும்?

விலக்கும் உண்டு. நீதிபதி ஒரு வழக்கைக் கேட்கும்போது “த ஜட்ஜ் இஸ் ஹியரிங் த கேஸ்” என்று தாராளமாகச் சொல்லலாம். அங்கே கேட்பது காதில் விழுவது இல்லை, ஆசனத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. நாம் விசாரணை என்று சொல்வதை அவர்கள் ஹியரிங் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மனுஷனுக்குத் தண்டனை கொடுப்பதற்கு முன்னால் அவன் பக்கத்தையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. அதையே ஒரு நடவடிக்கையின் பெயராக வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

1998. எட்டாம் வகுப்பு. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்காருவாள். பெயர் வேண்டாம். எப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், கண்ணை எடுக்க மாட்டாள். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் எழுந்திருப்பாள், சில சமயம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். “சொன்னா கேட்க மாட்டியா?” என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டு நாள் வெளியே நிற்க வைத்தேன். ஒரு நாள் அடித்தும் விட்டேன். ஸ்கேலால், உள்ளங்கையில்.

எனக்கு டிக்டேஷன் கொடுக்கும்போது நடந்துகொண்டே சொல்கிற பழக்கம். முன்னால் கரும்பலகையிலிருந்து ஆரம்பித்து, நடுவில் இருக்கிற பாதையில் பின்சுவர் வரை போய், திரும்பி வருவேன். ஒரு நாள் சாயந்திரம் ஸ்டாஃப் ரூமில் அவள் நோட்டைத் திருத்தினேன். முதல் மூன்று வரி, ஒரு எழுத்துப் பிழை இல்லை. அடுத்த நான்கு வரிக்கான இடம் வெறுமையாக இருந்தது. பிறகு மூன்று வரி, சரியாக. மறுபடி வெற்றிடம். சோம்பேறி விட்டுவிட்டாள் என்று சிவப்பு மையில் கோடு போட்டேன். போட்டுவிட்டுக் கை நின்றது. முந்தின வார டிக்டேஷனைத் திருப்பினேன். அதே மாதிரி. எழுதின வரிகளெல்லாம் நான் முன்னால் நின்று அவளைப் பார்த்துச் சொன்னவை. வெற்றிடமெல்லாம் நான் அவளைத் தாண்டிப் பின்னால் போன நேரம்.

அவள் என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாள், பாப்பா.

மறுநாள் அவளுடைய அத்தையை வரச் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வடியுமாம், வைத்தியம் பார்க்க வசதியில்லையாம், பள்ளிக்கூடத்தில் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று மறைத்துவிட்டார்களாம். அவளை முதல் வரிசைக்கு மாற்றினேன். அன்றிலிருந்து நடந்துகொண்டே டிக்டேஷன் சொல்வதையும் விட்டேன். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

“அவள் கேட்கவில்லை” என்று நினைத்து அடித்தேன். உண்மை “அவளுக்குக் கேட்கவில்லை” என்பது. நடுவில் இருக்கிற ஒரு “உக்கு”, ஒரு வேற்றுமை உருபு. ஹியருக்கும் லிசனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கையாலேயே அதைச் செய்தேன். அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு டீச்சர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. வழக்கம் இல்லாவிட்டால் என்ன, நான் கேட்டிருக்கலாம்.

உன் வார்டில் வயசானவர்கள் நிறைய இருப்பார்கள் என்று சொல்வாய். சொன்ன மாத்திரையைப் போடவில்லை, சொன்னதைக் கேட்பதில்லை என்று யாரைப் பற்றியாவது எழுத நேர்ந்தால், ஒரு தடவை அவர்கள் முகத்துக்கு நேராக நின்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுது.

கொஞ்சம் இதமான பக்கத்துக்கு வருகிறேன். உன் பாட்டி ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது பாடுவாள், உனக்கு ஞாபகம் இருக்காது. யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. கோயில் கச்சேரிகளை வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வந்த பாட்டு. கேள்விஞானம் என்போமே, அது. நான் ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே பாடிக்கொண்டிருப்பாள். அதை “ஐ ஹேர்ட் ஹெர் சிங்கிங்” என்று சொல்வேன். நான் வரும்போது பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு துண்டு என் காதில் விழுந்தது. ஒரு தடவை, உன் தொட்டில் போட்ட அன்று, கூடத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க ஒரு தாலாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடினாள். அதை “ஐ ஹேர்ட் ஹெர் சிங்” என்பேன். முழுப் பாட்டையும் கேட்டேன். அந்த வெறும் சிங்கைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளுவார்கள், டு எங்கே மிஸ் என்று. நம்மிடமும் அதே வடிவம் இருக்கிறது: “அவள் பாடக் கேட்டேன்.” பாட என்பதோடு வேறு எதையும் ஒட்டாமல் நாம் விடுவது மாதிரியே அவர்களும் விடுகிறார்கள். செயப்பாட்டுவினையில் போட்டால் மட்டும் டு திரும்பி வந்துவிடும், “ஷி வாஸ் ஹேர்ட் டு சிங்” என்று.

ஹேர்ட் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? எழுத்தைப் பார்த்து ஹியர்ட் என்று வாசிப்பார்கள். பறவைக்கான பேர்ட் எப்படியோ அப்படி அது. ஆடு மாடு மந்தைக்கான சொல்லுக்கும் இதே உச்சரிப்புத்தான்.

“ஐ ஹியர் யூ ஆர் மூவிங்” என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார் என்றும், யார் சொன்னார்களோ என்று நீ குழம்பினாய் என்றும் ஒரு தடவை சொன்னாய். அங்கே ஹியர் நிகழ்காலத்தில் இருந்தாலும் கேட்டது முன்னாலேயே நடந்துவிட்டது. “வீடு மாறப்போறீங்களாமே?” என்பதுதான் அந்த வாக்கியம். அந்த “ஆம்” இருக்கிறதே, நம் மொழியின் பெரிய சொத்து அது. “வந்தான்” என்றால் நான் பார்த்தேன், அல்லது எனக்குத் தெரியும். “வந்தானாம்” என்றால் யாரோ சொன்னார்கள், நான் பொறுப்பில்லை. ஒரே அசையில் செய்தியை நம்மிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாம். இங்கிலீஷில் அதற்கு ஐ ஹியர் என்று தனியாக இரண்டு சொல் செலவழிக்க வேண்டும். அந்த அத்தையின் பேச்சை மேலே எழுதும்போதும் பார், எத்தனை ஆம் போட்டிருக்கிறேன். நான் கண்ணால் பார்க்காததற்கெல்லாம் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த “ஆம்” போட்ட பேச்சைச் சட்டம் ஏற்பதில்லை. ஹியர்சே என்று ஒதுக்கிவிடுகிறது. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம், காதால் கேட்கக்கூடிய ஒரு விஷயமென்றால் தன் காதால் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி அப்படியே இருக்கிறது. மாமியார் வீட்டுச் சமாச்சாரம் எதையாவது யாராவது உன்னிடம் வந்து சொன்னால் இந்த விதியையே வைத்துக்கொள்.

ஹியர் ஆஃப் என்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரியும், ஹியர் அபௌட் என்றால் அதைப் பற்றிய சேதி தெரியும். “ஐ வோண்ட் ஹியர் ஆஃப் இட்” என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். இவை உனக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஹியர் அவுட் மட்டும் நினைவில் வை. குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்பது அது. மேலாளர் நடுவில் பேச ஆரம்பித்தால் “ப்ளீஸ் ஹியர் மீ அவுட்” என்று அமைதியாகச் சொல்லலாம். மரியாதைக் குறைவு இல்லை.

டிவியில் லண்டன் பார்லிமெண்டைக் காட்டும்போது ஒரு முழக்கம் எழும், கவனித்திருப்பாய். அந்தச் சபையில் கைதட்டும் வழக்கம் இல்லை, “ஹியர், ஹியர்” என்பார்கள். பழைய நாளில் “அவர் சொல்வதைக் கேளுங்கள், கேளுங்கள்” என்று நீளமாகச் சொன்னது தேய்ந்து இப்படி ஆனது. தனியாக நிற்கிற ஹியரை உத்தரவாகச் சொல்வதில்லை என்றேனே, இந்தப் பழைய பேச்சில் அது மிச்சமிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் உள்ளே வரும்போது மூன்று தடவை “ஓயே” என்று கூவுவதும் இதேதான். இங்கிலாந்தை நார்மன்கள் பிடித்த பிறகு கோர்ட்டுகளில் புழங்கிய பிரெஞ்சில் அதற்குக் “கேளுங்கள்” என்று பொருள். அப்பாவுக்கு இதையெல்லாம் விட ஆடிட் என்ற சொல்லின் கதைதான் பிடித்தது. கூட்டுறவு வங்கியில் வருஷா வருஷம் ஆடிட் வந்தால் ராத்திரி பதினொரு மணி வரை லெட்ஜரோடு உட்கார்ந்திருந்தவர். அதுவும் நான் முன்னால் சொன்ன அந்த ஆடிரேயிலிருந்து வந்ததுதான். கணக்கை எழுத்தில் பார்த்துச் சரிபார்ப்பதற்கு முன்பு, ஒருவர் வாசிக்க ஒருவர் காதால் கேட்டுத்தான் சரிபார்த்தார்கள். ஆடிட்டர் என்றால் கேட்பவர். “அப்போ நான் முப்பது வருஷம் வாசிச்சிருக்கேன், அவங்க கேட்டிருக்காங்க” என்று அப்பா ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கடிதம் எழுதிய காரணம்.

எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, பாப்பா. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களை வாசலில் நின்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, உள்ளே வந்து என் எதிரே நின்று பேச ஆரம்பித்தார். நான் அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போன மாதம் ஈஎன்டி டாக்டரிடம் போனோம். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். பீப் சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நடுவில் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பரிசோதனை செய்கிற பெண் மும்முரமாக எதையோ திருகிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

முடிந்ததும் ஒரு தாள் கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தாளின் இடது பக்கம் தாழ்ந்த சுருதி, அங்கே கோடு மேலேயே ஓடுகிறது. தாளின் வலது பக்கம் உச்ச சுருதிக்குப் போகப் போகக் கோயில் குளத்துப் படி மாதிரி இறங்கிவிடுகிறது. வயசானால் உச்ச சுருதிதான் முதலில் போகுமாம். உயிர் எழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது, அது எனக்கு நன்றாகவே விழுகிறது. ஸ, ஷ, ஃப போன்றவை உச்சத்தில் இருப்பவை, அவை நழுவிவிடுகின்றன. பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. போன் வழியாக வரும்போது அந்த உச்ச ஓசை இன்னும் குறைந்து வருவதும் உண்டு. நீ “ஷிஃப்ட்” “ஷிஃப்ட்” என்று சொன்னதெல்லாம் எனக்கு “லிஃப்ட்” என்று விழுந்திருக்கிறது. ஒரு மாதம் உங்கள் கட்டட லிஃப்ட் பழுதாகிவிட்டது, குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறாய் என்றே கவலைப்பட்டேன். நீ வாட்ஸ்அப்பில் எழுத்தாக எழுதிய பிறகுதான் விஷயமே தெரிந்தது.

முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ பதறுவாய், அங்கேயிருந்து உன்னால் வரவும் முடியாது என்று சொல்லாமல் விட்டேன். அதனால் இவ்வளவு நாளும் நீ பேசப் பேச, உன் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து “ம்”, “சரிம்மா” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். உன் மேலாளர் சொன்னதற்காவது அர்த்தம் இருந்தது, அந்த அம்மா உன் பேச்சைக் காதில் வாங்கியிருந்தார். நான் அதுகூட இல்லாமல் சரி சொன்னேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பத்து நாளாகக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி போட்டிருக்கிறேன். மூளை பழகச் சில வாரம் ஆகும் என்றார்கள். ஃபேன் சத்தம், பையைச் சுருட்டுகிற சத்தம், அப்பா பேப்பர் திருப்புகிற சத்தம் எல்லாம் பெரிதாக விழுகின்றன. விடியற்காலையில் கூடத்துச் சுவரில் பல்லி சொல்வது கேட்டது. இந்த வீட்டில் பல்லி சத்தம் போடுவதே எனக்கு மறந்துபோயிருந்தது. இதை எழுதும்போது பேனா முனை தாளில் உரசுகிறது. அதுவும் கேட்கிறது.

இனிமேல் வெறும் போனில் வேண்டாம், வீடியோவில் கூப்பிடு. வெளிச்சம் உன் முகத்தில் படுகிற மாதிரி உட்கார். கத்தாதே, கத்தினால் இன்னும் குழம்பும், கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். குட்டியையும் முகத்தைக் காட்டச் சொல். அவன் பேசுவதில் பாதி எனக்குக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்று. மாசிமகத்தன்று ராத்திரி நீ கூப்பிட்டாய். மகாமகக் குளத்துப் பக்கம் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம், தெருவெல்லாம் கூட்டம், ஒலிபெருக்கி. நீ வெகுநேரம் பேசினாய். நடுவில் உன் குரல் ரொம்பத் தாழ்ந்துபோனது, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. “சரிம்மா, எல்லாம் சரியாயிடும்” என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “வெச்சிடறேன்மா” என்றாய். அன்று என்ன சொன்னாய்? எழுதி அனுப்பு. இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து முதலிலிருந்து சொல். கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா